பழி தீர்ப்பதா, விடுவதா: த்ரில்லர் எழுத உட்காரும் முன் எடுக்க வேண்டிய முடிவு

பழிவாங்கும் கதை எழுதுகிறவர்களில் பலர் கடைசி அத்தியாயத்தைக் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். மகளைப் பறிகொடுத்த அப்பா தயார், ஜாமீனில் வெளியே வரும் கொலைகாரன் தயார். எழுதிக்கொண்டே போவோம், முடிவு தானாக வரும் என்று இறங்கிவிடுகிறார்கள். இருநூறாவது பக்கத்தில் எதிரி கையில் சிக்குகிறான். கொல்ல வைத்தாலும் இடிக்கிறது, விட்டுவிட வைத்தாலும் இடிக்கிறது. கோளாறு அந்தப் பக்கத்தில் இல்லை. அதற்கு வேண்டிய சரக்கை முதல் ஐம்பது பக்கத்தில் போட்டு வைக்காததில் இருக்கிறது.

இருக்கும் வழிகள் நான்கு. கொன்றுவிட்டுத் தப்பிப்பது. கொன்றுவிட்டு அதற்கான விலையைக் கொடுப்பது. முழுக் குற்றவாளி அல்லாத ஒருவரைக் கொல்வது. கொல்லாமல் விடுவது. ஒரே கதையை எழுதிவிட்டுக் கடைசியில் நான்கில் ஒன்றை ஒட்டவைக்க முடியாது. முதல் அத்தியாயத்திலிருந்தே நான்கும் வேறு வேறு கதைகள்.

எந்த வழி என்றாலும் துயரம் உண்மையாக இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு: மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்று ஐந்து படிகளை வரிசையாக வைத்து அத்தியாயம் பிரிப்பது. எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-இல் அந்த ஐந்தையும் சொன்னது, சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் பேசிப் பார்த்து. பறிகொடுத்தவர்களுக்கு அது பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. கதைக்கு அதைவிடப் பயன்படுவது மார்கரெட் ஸ்ட்ரோபும் ஹெங்க் ஷூட்டும் 1999-இல் முன்வைத்த விளக்கம். துயரப்படுகிறவர் படி ஏறுவதில்லை, ஊசலாடுகிறார் என்றார்கள். காலையில் இறப்புச் சான்றிதழுக்கு அலைகிறார், தாலுகா அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு மனு எழுதுகிறார், ரேஷன் கார்டில் பெயர் நீக்குகிறார். எல்லாம் சரியாகச் செய்கிறார். சாயங்காலம் செருப்பு வைக்கும் இடத்தில் ஒரு ஜோடி செருப்பைப் பார்த்ததும் உடைந்துபோகிறார். மறுநாள் மறுபடி மனு. திட்டம் போட்டுப் பழிவாங்கும் ஆளுக்கு இந்த ஊசலாட்டம் கச்சிதமாகப் பொருந்தும், ஏனென்றால் திட்டம் போடுவதும் அந்த அலுவலக வேலைகளைப் போன்ற ஒரு தற்காலிக ஓய்வுதான்.

நம் ஊரில் கொலை என்றால் துயரமும் நீதிக்கான கோரிக்கையும் பிணவறை வாசலிலேயே சேர்ந்துவிடுகின்றன. கைது செய்யும் வரை உடலை வாங்க மாட்டோம் என்று உறவினர்கள் உட்காருவது நாம் அடிக்கடி படிக்கும் செய்தி. உடலை வாங்கு என்று சொல்கிற தாய்மாமன், வேண்டாம் என்கிற தம்பி, நடுவில் எதுவும் காதில் விழாத அம்மா. பழிவாங்கும் கதையின் அத்தனை கட்சிகளும் அங்கேயே இருக்கிறார்கள். பலர் இந்தக் காட்சியைத் தாண்டி நேரே சுடுகாட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

முதல் வழி: கொன்றுவிட்டுத் தப்பிப்பது

வாசகருக்கு மிகவும் பிடித்த வழி இதுதான் என்பதில் சந்தேகம் இல்லை. 2019 டிசம்பர் 6 அன்று ஹைதராபாத் அருகே பாலியல் கொலை வழக்கில் பிடிபட்ட நால்வர் போலீஸ் என்கவுன்ட்டரில் செத்தபோது மக்கள் போலீஸார் மீது பூத்தூவினார்கள். உச்ச நீதிமன்றம் நியமித்த சிர்புர்கர் ஆணையத்தின் அறிக்கை 2022-இல் வெளிவந்தது. கொல்லும் நோக்கத்தோடுதான் சுட்டார்கள் என்றும், நால்வரில் மூவர் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் என்றும் அது சொன்னது. பூத்தூவியபோது இருந்த கூட்டம் அறிக்கை வந்தபோது இல்லை. இந்த வழியில் எழுதும்போதும் அதுவே நடக்கும். கைதட்டல் உடனே வரும், பக்கத்தை மூடியதும் தேய்ந்துவிடும்.

‘ஒறுத்தார்க்கு ஒருநாளை இன்பம்’ என்கிற குறளை அறிவுரையாகத்தான் படித்திருப்போம். சோதனைக்கூடமும் ஏறக்குறைய அதையே சொல்கிறது. ஏமாற்றியவனைத் தண்டிக்கும்போது மூளையில் வெகுமதியோடு தொடர்புள்ள பகுதி செயல்படுவதை 2004-இல் சூரிச் ஆய்வாளர்கள் படம் பிடித்தார்கள். 2008-இல் கார்ல்ஸ்மித், வில்சன், கில்பர்ட் மூவரும் ஒரு பண விளையாட்டில் ஏமாற்றியவனைத் தண்டிக்கச் சிலருக்கு வாய்ப்புக் கொடுத்தார்கள், சிலருக்குக் கொடுக்கவில்லை. தண்டித்தால் மனம் ஆறும் என்று எதிர்பார்த்தவர்கள், தண்டித்த பிறகு, வாய்ப்பே கிடைக்காதவர்களைவிட மோசமாக உணர்ந்தார்கள். காரணம், தண்டித்தவன் அந்த ஆளையே நினைத்து அசைபோட்டுக்கொண்டிருக்கிறான். மற்றவன் வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறான். ஆகவே இந்த வழியில் கொலைக்குப் பிறகு நீளமாக எழுதக் கூடாது. இரண்டு பக்கத்துக்கு மேல் போனால், மனம் ஆறவில்லை என்கிற உண்மை தலைகாட்டும். கதை தானாக இரண்டாவது வழிக்குள் நுழைந்துவிடும்.

அதிகம் சொதப்புவது சட்டத்தின் கதவை மூடும் இடத்தில். ‘நீதிபதியை விலைக்கு வாங்கிவிட்டான்’ என்று ஒரே வரியில் முடித்தால், ஹீரோவுக்கு வேறு வழியே இல்லை என்பதை வாசகர் நம்ப மாட்டார். லஞ்சம் இல்லாமலே குற்றவாளி வெளியே வர நிஜமான வழிகள் நிறைய. கொலை போன்ற கடும் குற்றத்தில் 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால் ஜாமீன் கேட்பது அவன் உரிமை. மற்ற குற்றங்களுக்கு 60 நாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, தலைத்திவசம் வருவதற்குள் அந்தத் தொண்ணூறாவது நாள் வந்துவிடுகிறது என்பதைக் கவனியுங்கள். குண்டர் சட்டத்தில் ஓராண்டு உள்ளே வைத்தாலும், அவன் கொடுத்த மனுவைப் பரிசீலிக்கத் தாமதம் என்ற காரணத்தால் உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்யக்கூடும். சாட்சி பிறழலாம். இவை எதிலும் வில்லன் என்று ஒருவன் இல்லை. கோபத்துக்கு முகம் கிடைக்காததால் அது ஊறிப் பெருகும்.

செஷன்ஸ் கோர்ட்டில் விடுதலை ஆனதும் ‘சட்டம் முடிந்தது’ என்று எழுதுவதும் பிழை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 2009-இல் வந்த திருத்தத்திலிருந்து பாதிக்கப்பட்டவரின் குடும்பமே மேல்முறையீடு செய்யலாம், அரசும் செய்யலாம். பழிவாங்குகிறவர் அந்தக் கதவைத் தட்டினாரா, தட்டாமலே கத்தியை எடுத்தாரா என்பதில்தான் அவர் யார் என்பது தெரியும். தட்டாமல் எடுத்தவர் சுவாரசியமானவர்தான். ஆனால் அது அவர் குணம் என்று ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும், மறதியாக இருக்கக் கூடாது.

தப்பிப்பது எப்படி? நாக்பூரில் 2004 ஆகஸ்ட் 13 அன்று, ஒரு குடிசைப் பகுதியையே பல ஆண்டுகளாக மிரட்டி வந்த அக்கு யாதவைப் பெண்கள் கூட்டம் ஒன்று நீதிமன்ற வளாகத்திலேயே கொன்றது. வழக்கு நடந்தது, குற்றம் சாட்டப்பட்டவர்கள் 2014-இல் ஆதாரமில்லை என்று விடுதலையானார்கள். தப்பிக்க வைத்தது புத்திசாலித்தனமான திட்டம் எதுவும் இல்லை. கை பலவாக இருந்தன, வாய் திறக்கத்தான் யாரும் இல்லை. தனி ஆள் தப்பிப்பதைவிட ஒரு தெருவே தப்பிப்பதை வாசகர் எளிதில் நம்புவார்.

இரண்டாம் வழி: விலை கொடுப்பது

முதல் நாவல் எழுதுகிறவருக்குப் பாதுகாப்பான வழி இது. கொலையும் உண்டு, அதன் நியாயத்தைக் கேள்வி கேட்க நீதிமன்றமும் உண்டு.

மேற்கு ஜெர்மனியின் லூபெக் நகரில் 1981 மார்ச் 6 அன்று மரியான் பாக்மையர், தன் ஏழு வயது மகள் அன்னாவைக் கொன்றவனை நீதிமன்ற அறைக்குள்ளேயே கைப்பையில் கொண்டுவந்த துப்பாக்கியால் சுட்டுக் கொன்றார். நாடு முழுக்க அனுதாபம். பிறகு ஒரு வார இதழுக்குத் தன் கதையை விற்றார். முதல் இரண்டு குழந்தைகளைத் தத்துக்கு விட்டவர் என்பது வெளிவந்தது. அனுதாபம் இரண்டாகப் பிளந்தது. 1983-இல் ஆறு ஆண்டு தண்டனை. சுமார் மூன்று ஆண்டில் வெளியே வந்தார். எழுதுகிறவர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது தண்டனைக் காலத்தை அல்ல. துயரப்பட்டவர் கொலை செய்த மறுநாளிலிருந்து, செத்தவனைவிட அவருடைய வாழ்க்கைதான் அதிகம் துருவப்படுகிறது. அவர் நல்ல தாயா, குடிப்பவரா, யாரோடு வாழ்ந்தார் என்பதெல்லாம் ஊர்ப் பேச்சாகிறது. இந்த வழியில் எழுதுவதானால், வெளியே வரக் கூடாத ஒரு விஷயத்தை நாயகனுக்கோ நாயகிக்கோ முதலிலேயே கொடுத்துவிடுங்கள். அது குற்றமாக இருக்க வேண்டியதில்லை, சங்கடமாக இருந்தால் போதும்.

கதை இந்தியாவில் நடந்தால், ‘ஆத்திரத்தில் செய்துவிட்டார், தண்டனை குறையும்’ என்று வக்கீலை எளிதாகச் சொல்ல வைக்காதீர்கள். கடுமையாகவும் திடீரென்றும் வந்த தூண்டுதல் என்றால்தான் கொலைக்குற்றத்திலிருந்து அந்த விலக்கு. கடற்படை அதிகாரி நானாவதி, மனைவியோடு உறவு வைத்திருந்த பிரேம் அகுஜாவை 1959 ஏப்ரல் 27 அன்று பம்பாயில் சுட்டார். மனைவி உண்மையைச் சொன்ன பிறகு அவர் குடும்பத்தை சினிமா தியேட்டரில் இறக்கிவிட்டு, கப்பலுக்குப் போய்ப் பொய்க் காரணம் சொல்லி ரிவால்வர் வாங்கி, அகுஜாவின் அலுவலகத்தில் தேடி, பிறகு வீட்டுக்குப் போனார். ஏறக்குறைய மூன்று மணி நேரம். ஜூரி எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் குற்றமற்றவர் என்றது. உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 1961-இல் உச்ச நீதிமன்றம், தன்னிலைக்கு வர அந்த நேரமே போதும் என்று ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. 1964-இல் மன்னிப்புக் கிடைத்து வெளியே வந்தது வேறு கதை. மூன்று மணி நேரமே அதிகம் என்றால், 90 நாள் காத்திருந்து, பின்தொடர்ந்து, பூட்டின் மாற்றுச் சாவி செய்து கொன்றவருக்கு அந்த விலக்கு கிடைக்க வழியே இல்லை. த்ரில்லரை விறுவிறுப்பாக்கும் அந்தத் திட்டமிடல்தான் நீதிமன்றத்தில் அவருக்கு எதிரான முதல் சாட்சி. இந்த முரணை மையமாக வைத்தே ஒரு நாவல் எழுதலாம்.

சின்ன விஷயம் ஒன்று: 2024 ஜூலை 1-க்குப் பின் நடக்கும் கொலைக்கு இன்ஸ்பெக்டர் ‘302’ என்று எழுதக் கூடாது. புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 103. பேச்சு வழக்கில் பழைய ஏட்டையா 302 என்று சொல்வது இயல்புதான், எஃப்.ஐ.ஆரில் வரக் கூடாது.

மூன்றாம் வழி: பாதிக் குற்றவாளி

எழுதக் கடினமானது. நான்கில் சிறந்ததும் இதுவே என்பது எங்கள் எண்ணம்.

2002 ஜூலை 1 இரவு, ஜெர்மனியின் யூபெர்லிங்கன் வானில் பாஷ்கிரியன் ஏர்லைன்ஸின் டுபலேவ் விமானமும் டி.எச்.எல். சரக்கு விமானமும் மோதி 71 பேர் இறந்தார்கள். ரஷ்யக் கட்டடக் கலைஞர் விட்டாலி காலோயெவ் மனைவியையும் பத்து வயது மகனையும் நான்கு வயது மகளையும் பறிகொடுத்தார். அந்த நேரத்தில் சூரிச்சில் விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்திக்கொண்டிருந்தவர் பீட்டர் நீல்சன். டுபலேவ் விமானத்தைக் கீழே இறங்கச் சொன்னது அவர்தான். ஆனால் அன்று உடன் இருக்க வேண்டிய ஊழியர் ஓய்வறையில் இருந்தார். அப்படி விடுவது அங்கே வழக்கமாகியிருந்தது. ஒரே ஆள் இரண்டு திரைகளைப் பார்த்தார். பராமரிப்பு வேலைக்காக எச்சரிக்கை அமைப்பின் ஒரு பகுதியும் முக்கியத் தொலைபேசி இணைப்பும் நிறுத்தப்பட்டிருந்தன. டுபலேவுக்குள் இருந்த எச்சரிக்கைக் கருவி மேலே ஏறச் சொன்னது, நீல்சனின் குரல் கீழே இறங்கச் சொன்னது.

காலோயெவ் கேட்டது மன்னிப்பு. நீல்சன் வேலை பார்த்த, விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்கைகைடு நிறுவனத்திடமிருந்து அவர் எதிர்பார்த்த விதத்தில் அது வரவில்லை. 2004 பிப்ரவரி 24 அன்று நீல்சனின் வீட்டு வாசலுக்கே போனார். குழந்தைகளின் படங்களைக் காட்டியபோது அவர் கையைத் தட்டிவிட்டார் என்று பிறகு சொன்னார். நீல்சன் குத்துப்பட்டு இறந்தார். மனைவியும் குழந்தைகளும் வீட்டில் இருந்தார்கள். எட்டு ஆண்டு தண்டனை குறைக்கப்பட்டு 2007 நவம்பரில் காலோயெவ் விடுதலையானார். சொந்த ஊர்ப் பக்கம் வீரனுக்குரிய வரவேற்பு. அதே 2007-இல்தான் ஸ்கைகைடு அதிகாரிகள் நால்வர் மீது குற்றம் உறுதியானது. காத்திருந்தால் அந்தத் தீர்ப்பை அவரும் கேட்டிருப்பார்.

நிறுவனத்தைக் குத்த முடியாது. வாசலில் வந்து நிற்கும் மனிதனைத்தான் குத்த முடியும். துயரம் எப்போதும் முகவரி உள்ள ஆளைத் தேடிப் போகிறது. இதை எழுத மூன்று விஷயம் வேண்டும். ஒன்று, இறப்புக்கான காரணத்தைக் குறைந்தது நான்கைந்து கைகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும்: கையெழுத்துப் போட்டவர், பார்க்காமல் விட்டவர், செலவு மிச்சம் பிடித்தவர், அன்று லீவு எடுத்தவர். இரண்டு, கொல்லப்படுகிறவரும் அந்த இறப்பால் நொறுங்கியிருக்க வேண்டும். அதை வாசகர் அறிவார், பழிவாங்குகிறவர் அறிய மாட்டார். மூன்று, உண்மை தெரியவரும் நேரம். கொலைக்கு முன்பே தெரிந்தால் கதை நான்காம் வழிக்குத் திரும்பும். கொலை முடிந்த உடனே தெரிந்தால் மிகைநாடகம். சில மாதம் கழித்து, ஒரு விசாரணை அறிக்கையின் இணைப்பாக, யாரும் உரக்கப் படிக்காத ஒரு பத்தியாக வருவதே வலிக்கும்.

நம்மிடம் இதற்கு மூத்த உதாரணம் உண்டு. கண்ணகி பழிவாங்கினாள் என்பதோடு நிறுத்திவிடுகிறோம். சிலப்பதிகாரம் அதற்கு முன்னும் பின்னும் என்ன வைத்திருக்கிறது என்று பாருங்கள். முன்னால் ஆதாரம் இருக்கிறது: அரசியின் சிலம்பில் முத்து, என் சிலம்பில் மாணிக்கம், உடைத்துப் பார். அரசன் குற்றத்தை ஒப்புக்கொண்டு விழுந்து இறக்கிறான். அங்கேயே கணக்கு முடிந்திருக்கலாம். முடியவில்லை. மதுரை எரிகிறது, எரிக்கும்போதும் அறவோர், பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழந்தைகளை விட்டுவிடு என்று தீக்கு உத்தரவு போகிறது. பாதிப்பேர் மறந்துவிட்ட பகுதி பின்னால் வருகிறது. கொற்கையிலிருந்த பாண்டியன் வெற்றிவேற் செழியன், பத்தினிக்காக ஒரே பகலில் பொற்கொல்லர் ‘ஈரைஞ்ஞூற்றுவரை’, அதாவது ஆயிரம் பேரை, பலியிடுகிறான். சிலம்பைத் திருடியவன் ஒருவன். அவன் தொழிலைச் செய்தவர்கள் ஆயிரம் பேர். பழி எப்படிக் கைமாறி, அரசின் கைக்குப் போனதும் எப்படிப் பெருகுகிறது என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் எழுதவில்லை.

நான்காம் வழி: விடுவது

உயர்ந்த வழி என்று எல்லோரும் சொல்வார்கள். அச்சில் வருவதில் பெரும்பகுதி ஏமாற்று வேலை. ஹீரோ துப்பாக்கியைத் தாழ்த்துகிறார், ‘உன்னைப் போல நான் இல்லை’ என்கிறார், திரும்பி நடக்கிறார். வில்லன் மறைத்து வைத்த கத்தியோடு பாய்கிறான், மாடியிலிருந்து தவறி விழுந்து சாகிறான். ஹீரோவின் கையும் சுத்தம், வாசகரின் ஆசையும் நிறைவேறியது, விலையை யாரும் கொடுக்கவில்லை. இப்படி எழுதுவதைவிட முதல் வழியை நேர்மையாக எழுதுவது மேல்.

விடுவதானால் அவன் உயிரோடு இருக்க வேண்டும், அதே ஊரில் இருந்தால் இன்னும் நல்லது. பாகவதத்தில் தூங்கிக்கொண்டிருந்த திரௌபதியின் ஐந்து பிள்ளைகளையும் கொன்ற அசுவத்தாமனை அர்ச்சுனன் கட்டி இழுத்து வந்து நிறுத்துகிறான். பீமன் கொல் என்கிறான். திரௌபதி விடு என்கிறாள்: நான் அழுவதுபோல் இவன் தாயும் அழ வேண்டாம். குருவின் மகன் என்ற காரணத்தையும் சொல்கிறாள், ஆனாலும் இன்னொரு தாயை நினைத்து வந்த முடிவு என்பதால் நம்ப முடிகிறது. அதன் பிறகும் அவன் முழுசாகத் தப்பவில்லை. முடியை மழித்து, தலையிலிருந்த மணியைப் பிடுங்கித் துரத்துகிறார்கள். உயிரைத் தவிர எதைப் பறிப்பது என்ற கேள்விக்கு உங்கள் கதையிலும் திட்டவட்டமான பதில் வேண்டும்: பதவி, பெயர், பிள்ளையின் மதிப்பு, ஊருக்குள் வரும் உரிமை.

சட்டத்திடம் ஒப்படைக்கும் கிளைவழியில் ஒரு கண்ணி இருக்கிறது. வில்லனைக் கட்டிவைத்து அடித்து, செல்போனில் வாக்குமூலம் எடுத்துப் போலீசிடம் கொடுத்தால் வழக்கு முடிந்தது என்று எழுதுகிறார்கள். தனி ஆளிடம் சொன்ன ஒப்புதலை நீதிமன்றங்கள் பலவீனமான சாட்சியமாகவே பார்க்கும். அடித்து வாங்கியது என்றால் அதுவும் நிற்காது. மின்னணுப் பதிவுக்குச் சட்டப்படியான சான்றிதழ் வேறு வேண்டும். போலீசிடம் சொன்ன ஒப்புதலும் செல்லாது. அதன் மூலம் கண்டெடுத்த பொருளைக் காட்டும் அளவுக்குத்தான் செல்லும். ஆகவே ஹீரோ தேட வேண்டியது வாக்குமூலத்தை அல்ல, புதைத்த கத்தி இருக்கும் இடத்தை. அதையும் தானே தோண்டி எடுக்கக் கூடாது.

எதைத் தேர்ந்தெடுப்பது

சிறுகதை அல்லது மாத நாவல் அளவு என்றால் முதல் வழி தாங்கும், அதுவும் கொலையாளி ஒரு கூட்டமாக இருந்தால். வாராவாரம் வரும் தொடர் என்றால் இரண்டாவது. ஒவ்வொரு வாய்தாவும் ஒரு வாரத்தை இழுத்துக்கொண்டு போகும். கதையை ‘நான்’ என்று பழிவாங்குகிறவரே சொன்னால் மூன்றாவதை எடுக்க யோசியுங்கள். அவருக்குத் தெரியாததை வாசகருக்குக் காட்ட இடம் இருக்காது. இரண்டு குடும்பங்களை மாற்றி மாற்றிச் சொல்ல முடியுமானால் அதையே எடுங்கள். நான்காவது, கொலைகாரனும் பறிகொடுத்தவரும் தினமும் ஒரே டீக்கடையைக் கடந்து போக வேண்டிய சிறிய ஊருக்குத்தான் சரி. சென்னை மாதிரி நகரத்தில் விட்டுவிடுவதற்கு விலையே கிடையாது.

இன்னும் முடிவு செய்ய முடியவில்லை என்றால், நாவலைத் தொடங்கும் முன் ஒரே ஒரு காட்சியை எழுதிப் பாருங்கள்: எல்லாம் முடிந்து ஓராண்டுக்குப் பிறகு, இறந்தவரின் திதியன்று அந்த வீட்டில் சமைப்பது யார், சாப்பிட வராதவர் யார். கொலைகாரனைப் பற்றி ஒரு வரி கூட அதில் வரக் கூடாது. பந்தியில் யாருடைய இலை காலியாக இருக்கிறது என்று தெரிந்துவிட்டால், நான்கில் எந்த வழி என்பதும் தெரிந்துவிடும்.